அளியா, ப்ரோ, மச்சான்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன் திருச்சூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவள் தமிழ் நன்றாகப் பேசுவாள் என்பதால் வீட்டில் எனக்கு மலையாளம் தேவைப்படவில்லை. ஆனால் மாமியார் வீட்டுக்குப் போனால் நான் ஊமை. மொழியைப் பிடித்துவிடலாம் என்று வாரத்துக்கு ஒரு மலையாளப் படமாவது ஆங்கில சப்டைட்டிலோடு பார்க்கிறேன். 200 படம் தாண்டியிருக்கும். ஒரு வாக்கியம் பேச வரவில்லை. போன ஓணத்துக்கு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு சிரிப்புப் படம் பார்த்தோம். ஒவ்வொரு இடத்திலும் மற்றவர்களுக்கு ஒரு நொடி முன்னாலேயே நான் சிரித்துவிட்டேன். மாமியார் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கூச்சமாகப் போய்விட்டது.

மலையாளம் கற்க உதவும் பத்துப் படங்களின் பட்டியல் தர முடியுமா? ஏதாவது வகுப்பில் சேர வேண்டுமா? தமிழ் டப்பிங்கில் பார்ப்பது மட்டமான ரசனையா? இவ்வளவு மலையாளம் கேட்டால் என் தமிழ் கெட்டுவிடுமா?

ம., ஓசூர்

*

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். கெடாது. நாள் முழுக்க அலுவலக மின்னஞ்சல் எழுதியும் பிழைத்துக்கிடக்கிற தமிழ், மலையாளம் கேட்டா கெட்டுவிடப்போகிறது? வகுப்புக்கு நேரமும் காசும் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். டப்பிங்கில் ஒரு மட்டமும் இல்லை. கண் மங்கியவர்களுக்கும், கையில் வேலையை வைத்துக்கொண்டு காதை மட்டும் திரைக்குக் கொடுப்பவர்களுக்கும் அதுதான் சரி. முகம் நெருக்கத்தில் வரும்போது ப, ம மாதிரி உதடு ஒட்டுகிற எழுத்துகள் நடிகரின் வாயோடு பொருந்தும்படி எழுதத் தெரிந்தவர் எழுதியிருந்தால் நெருடவே நெருடாது. பட்டியல் தரமாட்டேன். 200 பார்த்தும் வராதது இன்னும் பத்தில் வந்துவிடுமா?

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஒரு நொடிதான். மாமியாருக்கு முன்னால் நீங்கள் சிரித்த அந்த நொடி.

அது எப்படி நடக்கிறது என்று யோசித்தீர்களா? நடிகர் வாயைத் திறக்கும்போதே சப்டைட்டில் முழு வாக்கியமாகத் திரையில் வந்து உட்கார்ந்துவிடும். அவர் பேசி முடிக்க மூன்று நொடி. நீங்கள் படித்து முடிக்க ஒன்றரை நொடி. சிரிப்பு ஒளிந்திருக்கும் கடைசிச் சொல்லை அவர் இன்னும் நாக்கில் வைத்திருக்கும்போதே நீங்கள் ஆங்கிலத்தில் வாங்கிச் சிரித்துவிடுகிறீர்கள். அப்போது உங்கள் காது என்ன செய்துகொண்டிருந்தது? தூங்கிக்கொண்டிருந்தது. 200 படம் என்றால் 400 மணிநேரத்துக்கு மேல். இந்த 400 மணிநேரமும் நீங்கள் செய்தது ஆங்கில வாசிப்புப் பயிற்சி, பின்னணியில் மலையாளச் சத்தத்தோடு. இதில் மலையாளம் வரவில்லை என்று வருத்தம் வேறு!

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களை மட்டும் சொல்லவில்லை. இன்று மலையாளப் படத்தைக் கொண்டாடுகிற தமிழர்களில் பெரும்பாலானோர் ஆங்கிலத்தின் வழியாகத்தான் அதைப் பார்க்கிறார்கள். கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். அதை நாம் லண்டன் போய்ச் சுற்றிக்கொண்டு கடக்கிறோம்.

சப்டைட்டில் எழுதுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கையைக் கட்டிப்போடும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு வரிக்குச் சுமார் 42 எழுத்து, இடைவெளியும் நிறுத்தற்குறியும் அதற்குள் அடக்கம். ஒரு சமயத்தில் இரண்டு வரிக்குமேல் கூடாது. ஒரு துண்டு 7 நொடிக்குமேல் நிற்கக் கூடாது. படிப்பவரின் கண் நொடிக்கு 17 முதல் 20 எழுத்துவரை ஓடும் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே இரண்டரை நொடி வசனத்துக்கு 40, 50 எழுத்துக்குள் கடையை மூடிவிட வேண்டும். நம் பக்கத்து நடிகர்களோ மூச்சுவிடாமல் பேசுபவர்கள். எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும்.

எதை வெட்டுவார்கள்? கதைக்குத் தேவையில்லாததை. விளிச்சொல் முதலில் போகும். பிறகு இழுவை, கொஞ்சல், ‘-ஆம்’, ‘-ஏன்’, ‘ஒருக்கா’. அதாவது யார் யாரிடம் எந்த உரிமையில் பேசுகிறார் என்பதைக் காட்டுகிற அத்தனையும்.

ஒரு சாதாரண வசனத்தை எடுத்துக்கொள்வோம். ‘எடா அளியா, நீ ஒந்நு இங்ஙோட்டு வந்நே, ஒரு கார்யம் பறயட்டெ.’ இதற்கு ஆங்கிலத்தில் என்ன வரும்? ‘கம் ஹியர், ஐ நீட் டு டாக் டு யூ.’ ஆங்கில எழுத்தில் எண்ணினால் 33. கச்சிதம். ‘அளியா’வைச் சேர்க்கலாம் என்று பார்த்தால் ‘பிரதர் இன் லா’ என்று 14 எழுத்து கேட்கும், காற்புள்ளியும் இடைவெளியும் சேர்த்தால் 16. மொத்தம் 49 ஆகி வரி உடையும். அப்படியே சேர்த்தாலும் எந்த ஆங்கிலேயன் நண்பனை ‘பிரதர் இன் லா’ என்று கூப்பிடுகிறான்? ஆகவே ஒன்று ‘ப்ரோ’ போடுவார்கள், அல்லது ஒன்றும் போடமாட்டார்கள்.

இப்போது அதையே தமிழில் சொல்லுங்கள். ‘டேய் மச்சான், கொஞ்சம் இங்க வாயேன், ஒரு விஷயம் சொல்லணும்.’ ஏதாவது மிச்சம் இருக்கிறதா? எடா என்பது டேய். அளியன் என்பது சகோதரியின் கணவன், மனைவியின் சகோதரன். நம் மச்சானேதான். முறைக்காரனைக் கூப்பிடும் சொல்லைச் சிநேகிதனுக்கும் வைக்கிற வழக்கம்கூட இரண்டிலும் ஒன்று. ‘ஒந்நு’ நம் ‘கொஞ்சம்’. ‘வந்நே’யில் இருக்கும் ஏகாரம் ‘வாயேன்’இல் இருக்கிறது. உங்கள் மனைவிக்கு அண்ணனோ தம்பியோ இருந்தால் அவர் உங்களை ‘அளியா’ என்றுதான் கூப்பிடுவார். அதை நீங்கள் ‘ப்ரோ’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

‘அளியா’வாவது பரவாயில்லை. ‘வீ’ என்ற ஆங்கிலச் சொல் செய்கிற அநியாயம் இருக்கிறதே, அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே ஆறாது.

நமக்கு நாம் வேறு, நாங்கள் வேறு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம். அவரை விட்டுவிட்டால் நாங்கள். மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள். தெலுங்கில் மனம், மேமு. ஆங்கிலத்துக்கு இந்த வித்தியாசமே தெரியாது. இரண்டும் ‘வீ’தான். ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன், பெட்டியெல்லாம் கட்டியாயிற்று. திண்ணையில் அம்மா. அவன் ‘ஞங்ஙள் நாளெ போகும்’ என்கிறான். அம்மாவின் முகம் சுருங்குகிறது. சப்டைட்டிலில் ‘வீ லீவ் டுமாரோ’. படம் பார்க்கிற நீங்கள், நாளைக்குக் கிளம்புவது அவளுக்கும் தெரிந்ததுதானே, எதற்கு இந்த முகம் என்று யோசிப்பீர்கள். அவள் ‘நம்மள்’ என்ற சொல்லுக்காக ஒரு மாதமாகக் காத்திருந்தாள். அது வரவில்லை. அந்த முழுக் காட்சியும் ஒரு பன்மைச் சொல்லில் தொங்குகிறது, ஆங்கிலம் அதன்மேல் ஏறி நடந்து போய்விட்டது. இதைத் தமிழில் எழுதியிருந்தால் கூடுதலாக ஒரு எழுத்தாவது செலவாகுமா? ‘நாங்க நாளைக்குக் கிளம்பறோம்’. முடிந்தது. கொரிய மொழிக்கோ பிரெஞ்சுக்கோ ஆங்கிலத்தைத் துணைக்கு அழைத்தால் புரிந்துகொள்கிறேன். இரண்டு வீட்டிலும் ஒரே சாமான் இருக்கும்போது, அதே சாமான் இல்லாத மூன்றாம் வீட்டில் போய் ஏன் கடன் கேட்க வேண்டும்?

சில ஊர்களில் ‘நம்மள்’ என்று சொல்லித் தன்னை மட்டும் குறிப்பதுண்டு, நம் ஊரில் ‘நம்மகிட்ட அதெல்லாம் நடக்காது’ என்கிற மாதிரி. அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை திருச்சூர் போகும்போது உங்கள் மாமியார் உங்களிடம் ‘நம்முடெ வீடு’ என்கிறாரா, ‘ஞங்ஙளுடெ வீடு’ என்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். நான்கு வருடமாக அவர் எதைச் சொல்லிவருகிறார் என்பதே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

உறவுமுறைக்கும் இதே கதிதான். அம்மாவன் என்றால் தாய்மாமன். செறியச்சன் என்றால் சித்தப்பா. ஆங்கிலத்தில் இருவரும் ‘அங்கிள்’. அதோடு போனால் சரி. சில மலையாளப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் கிடைக்கிறதே என்பீர்கள். ஒரு படத்தைப் பல மொழிக்குக் கொண்டுபோகும்போது, நேரம் குறித்த ஆங்கிலக் கோப்பு ஒன்றைச் செய்து, அதையே எல்லா மொழிக்காரர்களுக்கும் அனுப்பி நிரப்பி வாங்குவது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். அதை வாங்குகிற தமிழ்க்காரர் மூலத்தைக் காதில் வாங்காமல் ‘அங்கிள்’ என்பதை ‘மாமா’ ஆக்கிவிட்டால் என்ன ஆகும்? செறியச்சன் மகள் தங்கை. மாமா மகள் முறைப்பெண். அந்தச் சொல்லும் மலையாளத்தில் ‘முறப்பெண்ணு’தான். தங்கையோடு சிரித்துப் பேசுகிறவனை நாம் வேறு கண்ணோடு பார்த்துக்கொண்டிருப்போம்.

இன்னும் ஒன்று, வாக்கியத்தின் வரிசை. ‘ஞான் அவனெ கொந்நு எந்நாணோ நீ விசாரிக்குந்நது?’ இதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்துப்பாருங்கள். ‘நான் அவனைக் கொன்றேன் என்றா நீ நினைக்கிறாய்?’ ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. ‘ஞான் அவனெ கொந்நு’ என்று கேட்டதும் ஒப்புக்கொண்டுவிட்டானோ என்று ஒரு கணம் திக்கென்கும். அடுத்த சொல்லில்தான் அது கேள்வியாகத் திரும்பும். ஆங்கிலம் ‘டு யூ திங்க்’ என்று தொடங்கி அந்தக் கணத்தை முதலிலேயே கொன்றுவிடும்.

சரி, என்ன செய்வது? ஆங்கிலத்தை அணையுங்கள். முதல் வாரம் எதுவும் புரியாத மாதிரி இருக்கும். ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே பாதி மலையாளம் தெரியும். எந்தப் பாதி என்று தெரியாததுதான் பிரச்சினை.

திருவிதாங்கூரின் இலக்கணக்காரர் ஏ.ஆர். ராஜராஜ வர்மா ‘கேரள பாணினீயம்’ என்ற தன் இலக்கண நூலில் தமிழும் மலையாளமும் பிரிந்த இடங்களை ஆறு நயங்கள், அதாவது ஆறு விதிகள், என்று அடுக்கினார். தமிழ் மலையாளத்துக்குத் தாயா, சகோதரியா என்ற சண்டைக்கு இப்போது போக வேண்டாம், அவர் கொடுத்த சாவியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதில் முதலாவது, மூக்கொலி பக்கத்து எழுத்தை விழுங்கிவிடுவது. ங்க இருந்த இடத்தில் ங்ங: மாங்காய் மாங்ங, தேங்காய் தேங்ங, குரங்கு குரங்ஙு. ‘இங்ஙனம்’ என்று சொல்லத் தெரிந்த நாக்குக்கு இது வரும். ஞ்ச இருந்த இடத்தில் ஞ்ஞ: மஞ்சள் மஞ்ஞள், கஞ்சி கஞ்ஞி. ந்த இருந்த இடத்தில் ந்ந: வந்து வந்நு, நடந்து நடந்நு. ன்று என்பதும் ந்நு ஆகும்: மூன்று மூந்நு, இன்று இந்நு. உடனே எல்லாச் சொல்லையும் இப்படித் திருப்பக் கிளம்பிவிடாதீர்கள். அஞ்சு அஞ்சுதான், நெஞ்சு நெஞ்சுதான், பந்தும் சந்தையின் ‘சந்த’யும் அப்படியே இருக்கின்றன. ‘பந்நு’ என்று கேட்டால் கடையில் பன் கொடுத்துவிடுவார்கள்.

சொல்லின் கடைசி ஐகாரம் அகரமாகும்: மலை மல, மழை மழ, தலை தல, கடை கட. நீங்கள் ஓசூரில் பேசும்போதும் ‘தல வலிக்குது’ என்றுதானே சொல்கிறீர்கள்? அதையே அவர்கள் எழுத்திலும் வைத்துக்கொண்டார்கள். அடிச்சு, படிச்சு, களிச்சு என்ற இறந்தகாலமும் நம் பேச்சுவழக்கோடு சேர்ந்துதான் நிற்கிறது. மலையாளத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது பேச்சுத் தமிழை, பாடப்புத்தகத் தமிழை அல்ல.

வர்மா சொன்ன இன்னொரு நயம் வினையிலிருந்து ஆளை உதிர்ப்பது. நான் வந்தேன், நீ வந்தாய், அவன் வந்தான், அவள் வந்தாள், அவர்கள் வந்தார்கள், எல்லாவற்றுக்கும் ‘வந்நு’. அவ்வளவுதான், ஒரே சொல். படிப்பவருக்கு இது வரம். ஆனால் காதுக்கு ஒரு கண்ணி வைத்திருக்கிறது. ‘வந்நு’ என்பதன் கடைசி உகரம் முழுதாக, உதடு குவிந்து ஒலித்தால் வாக்கியம் முடிந்தது, வந்தான் அல்லது வந்தாள். அதே உகரம் குறுகி, நம் குற்றியலுகரம்போல வாய்க்குள்ளேயே அமுங்கினால் அது ‘வந்து’ என்ற எச்சம், இன்னும் ஏதோ வரப்போகிறது. இதைப் பிடிக்காதவர்கள் பாதி வாக்கியத்திலேயே தலையாட்டிவிடுவார்கள்.

அதேபோல இல்லாத ஒன்றைச் சொல்ல ‘இல்ல’, ஒன்று மற்றொன்று அன்று எனச் சொல்ல ‘அல்ல’. எழுத்துத் தமிழில் நமக்கும் இந்த வித்தியாசம் உண்டு, பேச்சில் இரண்டையும் ‘இல்ல’ என்று குழைத்துவிட்டோம். மலையாளத்தில் குழைக்க முடியாது. ‘ஞான் டாக்டர் இல்ல’ என்றால் உங்களைத் திருத்துவார்கள். ‘அல்ல’ என்றுதான் சொல்ல வேண்டும்.

மரியாதை விஷயத்தில்தான் தமிழர்கள் அதிகமாகத் தடுமாறுகிறார்கள். நாம் மரியாதையை வினையின் வாலில் கட்டுகிறோம்: வாங்க, சாப்பிட்டீங்களா. மலையாள வினைக்கு அந்த வால் இல்லை. ஆகவே மரியாதை முழுக்க யாரை எப்படி விளிக்கிறோம் என்பதில் போய் உட்கார்ந்துவிடுகிறது. நீ, தான், நிங்ஙள், தாங்கள் என்று படிகள் உண்டு. ‘தான்’ என்பது நீயைவிட ஒரு படி மேல், ஆனால் பெரியவர்களிடம் சொல்லக் கூடாது. ‘நிங்ஙள்’ நம் ‘நீங்கள்’ மாதிரி இருக்கிறதே என்று மாமியாரிடம் எடுத்துவிடாதீர்கள். பல வீடுகளில் பெரியவர்களிடம் அதைச் சொன்னால் விறைப்பாகக் கேட்கும். நீ, நிங்ஙள் மாதிரிச் சொல்லே வேண்டாம், உறவைச் சொல்லுங்கள். ‘அம்ம கழிச்சோ?’ போதும். உங்கள் ‘ங்க’வை ஓசூரிலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள்.

‘கழிச்சோ’ என்றதும் சிரிக்கிறீர்களா? சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். கழிக்குக என்றால் சாப்பிடுவது. இப்படி வேஷம் மாறிய சொற்கள் கொஞ்சம் உண்டு. வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். பட்டி என்றால் நாய். சம்சாரிக்குக என்றால் பேசுவது, அங்கே சம்சாரம் பெண்டாட்டி அல்ல. விசாரிக்குக என்றால் நினைப்பது. அவசரம் என்றால் வாய்ப்பு. சிகரெட் ‘வலிப்பது’ இழுப்பது, துடுப்பு வலிக்கிற பழைய தமிழ்தான் அது. மதி என்றால் போதும். ஓணத்தன்று இலையில் நான்காம் முறை பாயசம் ஊற்ற வரும்போது கையைக் குறுக்கே நீட்டி ‘போதும் போதும்’ என்று அலறியிருப்பீர்கள். ‘மதி’ என்று மெல்லச் சொன்னால் நின்றுவிடும். நின்றுவிடும் என்று உறுதி சொல்ல முடியாது, மாமியார் வீடு.

பயிற்சிக்கு முழுப் படம் வேண்டாம், மூன்று நிமிடம் போதும். இரண்டு பேர் மட்டும் பேசும் காட்சியாக எடுங்கள். சமையலறை, டீக்கடை, பஸ் ஸ்டாப். நீதிமன்றக் காட்சியும் தறவாடு என்கிற பூர்வீக வீட்டுப் பெரியவரின் உபதேசமும் வேண்டாம், சமஸ்கிருதச் சொல் கொட்டும், சாப்பாட்டு மேசையில் உதவாது. மழைக் காட்சியும் வேண்டாம், சத்தத்தில் வசனம் முங்கிவிடும். மலையாளப் படத்தில் மழையில்லாத மூன்று நிமிடம் தேடுவது கொஞ்சம் கஷ்டம்தான். ஹெட்போனில், எழுத்து எதுவும் இல்லாமல், மூன்று முறை கேளுங்கள். நான்காம் முறை நிறுத்தி நிறுத்திக் காதில் விழுவதை ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். கனத்து ஒலிக்கும் க, ச, ட, த, ப ஆகியவற்றின் கீழே கோடு போடுங்கள், இல்லாவிட்டால் பிறகு படிக்கும்போது எது எதென்று தெரியாது. புரியாத இடத்தில் கோடிட்ட இடமாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். வேகம் அதிகமாகத் தெரிந்தால் 0.75-க்குக் குறையுங்கள். அதற்கும் கீழே போனால் குறிலெல்லாம் நெடிலாகக் கேட்கத் தொடங்கும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரே ஒரு முறை ஆங்கிலத்தைப் போட்டு, உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். எதற்கு? அர்த்தத்தைச் சரிபார்க்க மட்டுமல்ல. ஆங்கிலம் எந்தெந்தச் சொல்லை விட்டுவிட்டது என்று சிவப்பு மையில் வட்டமிட. மலையாளம் அந்த வட்டங்களுக்குள்தான் இருக்கிறது. தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறவருக்கு இந்த வேலையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் மூன்று நிமிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையையே சாப்பிட்டுவிடும். அதற்காக இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். அடுத்த துண்டும் அதே படத்திலிருந்தே இருக்கட்டும், அதே குரல் என்றால் காது சீக்கிரம் பழகும்.

மலையாள எழுத்திலேயே சப்டைட்டில் உள்ள படம் கிடைத்தால் விடாதீர்கள். அதற்கு எழுத்துப் படிக்க வேண்டும். ண, ழ, வ, ய, உ எல்லாம் கண்ணைக் கொஞ்சம் சுருக்கினால் நம்முடையவைதான். ண், ன், ர், ல், ள் ஆகிய ஐந்துக்கும் புள்ளி கிடையாது, தனி வடிவம். சில்லு என்பார்கள். அவற்றை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். 1971-இல் அங்கே எழுத்துச் சீர்திருத்தம் செய்து, உகரக் குறியை மெய்யெழுத்திலிருந்து பிரித்துத் தனியாக எழுதவைத்தார்கள், நாம் 1978-இல் லை, னை, ணை ஆகியவற்றின் யானைத் தும்பிக்கையை வெட்டிய மாதிரி. ஆனால் போனிலும் கணினியிலும் சில எழுத்துருக்கள் பழைய கூட்டெழுத்தையே காட்டும். ஒரே எழுத்துக்கு இரண்டு வடிவமா என்று பயப்பட வேண்டாம்.

ஊரையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மனைவி திருச்சூர். அங்கே ‘என்ன’ என்பதற்கு ‘எந்தூட்டு’ என்பார்கள். திருவனந்தபுரத்தில் ‘எந்தரு’. மலப்புறம் பக்கம் நீ என்பது ‘இஜ்ஜு’, வடக்கே அவனும் அவளும் ‘ஓன்’, ‘ஓள்’. கோழிக்கோட்டுப் படத்திலேயே பழகிவிட்டுத் திருச்சூரில் போய்ப் பேசினால், மதுரைத் தமிழைக் கற்றுக்கொண்டு நாகர்கோவிலில் பெண் பார்க்கப் போன மாதிரி இருக்கும். ஆங்கிலச் சப்டைட்டிலில் ‘எந்தூட்டு’, ‘எந்தரு’ இரண்டும் ‘வாட்’. இதை மறுபடியும் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், விடுகிறேன்.

மனைவியிடம் கேட்கலாமே என்றால், கேட்கலாம். ஆனால் தமிழ் தெரிந்தவர் தமிழில் விளக்கம் சொல்லிவிடுவார், அத்தோடு காரியம் முடிந்துவிடும். ஆகவே வாரத்தில் ஒரு நாள், நோட்டில் கோடிட்ட இடமாக விட்ட சொற்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மாமியாருக்கே போன் போடுங்கள். ஐந்து நிமிடம். ‘அம்மே, இதினு எந்தா அர்த்தம்?’ என்று கேளுங்கள். அவர் விளக்கம் சொல்லும்போது இன்னும் நான்கு புரியாத சொல் வரும். அது அடுத்த நான்கு வாரத்துக்கு ஆயிற்று.

தொடங்கும்போது ‘அம்மய்க்கு சுகமாணோ?’ என்று கேட்க வேண்டும், அது முறை. பதிலுக்கு அவர் ‘பனியாணு’ என்றால், திருச்சூரில் குளிர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடாதீர்கள். அங்கே பனி என்றால் காய்ச்சல். எத்தனை நாளாக, மருந்து ‘கழிச்சோ’ என்று கேளுங்கள்.